நாடு நாடாகப் போன தூதரின் வாழ்க்கையை ஊரில் இருந்தே சேர்ப்பது எப்படி

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின வாரம், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வீட்டுக் கூடத்தில் நானும் என் தங்கையும் உட்கார்ந்து, தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்க அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதப் பார்த்தோம். முப்பது வருடம் வெளியுறவுச் சேவையில் இருந்தவர். எங்களால் எழுத முடிந்தது நான்கு ஊர்ப் பெயர்கள் மட்டும்தான்: ரங்கூன், மேற்கு ஜெர்மனியின் பான், கொழும்பு, நியூயார்க். அதிலும் எந்த ஊரில் எந்த வருடம் என்று போட்டதில் இரண்டு தப்பு. பத்திரிகையில் வந்த பிறகுதான் பெரியம்மா படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அதற்கப்புறம் ஒரு வருடம் அந்தப் பக்கத்தைச் சரியாக எழுதுவதற்காக அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் ரப்பர் தோட்டத்து ஊர்களில் இருந்து ஆசிரியர்கள், டாக்டர்கள், ரயில்வேக்காரர்கள் போனது போல விஸ்மா புத்ராவுக்கு, அதாவது வெளியுறவு அமைச்சுக்குப் போனவர்களும் உண்டு. அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபத்தைந்து, எண்பது வயது ஆகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே தொடங்குங்கள்.

முதலில் ஒன்று. அவர் எந்தெந்த நாட்டுக்குப் போனார் என்பது எப்படியும் எங்காவது கிடைத்துவிடும். அரசாங்கத்தின் பணிப் பதிவில் இருக்கும், பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும், கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களில் இருக்கும். அவர் எங்கிருந்து புறப்பட்டுப் போனார், போன இடத்திலிருந்து இந்த ஊருக்கு என்ன எழுதினார், திரும்பி வந்தபோது யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், இதெல்லாம் ஊர்க்காரர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நாம் சேர்க்காவிட்டால் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள். அதனால் கோலாலம்பூருக்கு ஓடாதீர்கள், ஊரில் தொடங்குங்கள்.

தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்

பெரியப்பா பிறந்தது 1945. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் ஒன்று எல்பில் தோட்டம். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் அரசு அறிவித்ததுதான் அவசரகாலம், அது முடிந்தது 1960 ஜூலை 31. அப்படிப் பார்த்தால் மூன்று வயதிலிருந்து பதினைந்து வயது வரை அவர் வளர்ந்ததே முள்வேலிக்கும் ஊரடங்குக்கும் நடுவில்தான். இது எனக்குப் பள்ளிக்கூடப் பாடமாகத் தெரியும், ஆனால் இதை அவரோடு சேர்த்து ஒரு நாளும் யோசித்ததில்லை. கடைசி இரண்டு வருடத்தில் நான் அவரைப் பதிவு செய்தது மொத்தம் ஐந்து மணி நேரம். அதில் நான்கு மணி நேரம் வெளிநாடுகள். கடைசி ஒரு மணி நேரம்தான் லயத்து வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), பால்மரக் காடு, அதாவது ரப்பர் காடு. இப்போது திரும்பத் திரும்பக் கேட்பது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான்.

அதில் அவர் சொன்ன ஒன்று. அவசரகாலத்தில் காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று, பால் வெட்டப் போகிறவர்கள் வாசலைத் தாண்டிச் சோறு கொண்டு போகத் தடை இருந்தது. ஒரு நாள் இவர், ஏழெட்டு வயசு இருக்கும், தாத்தாவுக்கென்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை ஓடியிருக்கிறார். காவலுக்கு நின்றவர் மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, அதை அங்கேயே கொட்டச் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் தடவை தூதரகப் பையைக் கையில் கொடுத்து விமானம் ஏத்தினப்ப, எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வந்துச்சு" என்றார். தூதர் உறவு பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 27-ஆவது விதிப்படி, அரசாங்கக் கடிதங்களை எடுத்துப்போகும் தூதரகப் பையை எந்த நாட்டு அதிகாரியும் திறக்கவோ பிடித்து வைக்கவோ கூடாது. அந்த விதியை அவர் பாடமாகப் படித்தது பின்னால், அதன் பொருள் அவருக்குச் சின்ன வயதிலேயே தோட்டத்து வாசலில் தெரிந்துவிட்டது. நான் முதலில் எழுதிய பக்கத்தில் இது இல்லை. அந்தப் பக்கத்தில் என்னதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அதனால் முதல் சந்திப்பில் நாடுகளைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், தண்ணீர் எங்கிருந்து வந்தது, அப்பா நிரையில் எத்தனை மரம், கிராணி (தோட்டத்து எழுத்தர்) யார், ஆயாக் கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார்கள், இதையெல்லாம் கேளுங்கள். முதன்முதலில் ஒரு தூதரை எப்போது பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் முன்னின்று கட்டிய மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்து வைக்க வந்தவர் விஜயலட்சுமி பண்டிட். நேருவின் தங்கை என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஆனால் அவர் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் இந்தியத் தூதராக இருந்தவர், 1953-இல் ஐ.நா. பொதுச்சபையின் தலைவரான முதல் பெண். அந்தக் கூட்டத்தில் வெயிலில் நின்ற சிறுவர்களில் பெரியப்பாவும் ஒருவர். புடவை வெள்ளையா இளநீலமா என்று அவருக்கும் அவர் தம்பிக்கும், அதாவது என் அப்பாவுக்கும், கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

எப்படிக் கேட்பது

தூதர்களிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. எதைக் கேட்டாலும் யாரும் புண்படாமல் பதில் சொல்லியே பழகியவர்கள். "உங்களுக்கு எந்த நாடு ரொம்பப் பிடிக்கும்" என்று கேட்டால் "ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அழகு உண்டு" என்பார்கள், அவ்வளவுதான், பேச்சு அங்கேயே நின்றுவிடும். பொருளையும் இடத்தையும் வைத்துக் கேளுங்கள். பானில் இருந்த வீட்டுக்கு எத்தனை படி? பனிக்காலத்தில் முதல் கோட்டு யார் வாங்கித் தந்தது? கறிவேப்பிலைக்கு என்ன செய்தீர்கள்? காலையில் அலுவலகத்துக்குப் போனதும் முதலில் எந்தக் கதவைத் திறப்பீர்கள்? இப்படிக் கேட்டால் வாழ்க்கை தானாக வெளியே வரும். கொள்கையைப் பற்றியும் கேட்க மறக்காதீர்கள், ஆனால் அதைத் தேதியோடு கட்டுங்கள். 1967 ஆகஸ்ட் 8 பேங்காக்கில் ஆசியான் தொடங்கியது, 1974 மே 31 சீனாவோடு தூதரக உறவு ஏற்பட்டது, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் சொல்லித் தெரியும் என்று கேளுங்கள். வேலைக்குச் சேராத மாணவராக இருந்திருந்தாலும் பரவாயில்லை, எந்தக் கடையில் பத்திரிகை படித்தார் என்பது கிடைக்கும்.

அப்புறம், இதுதான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது: மனைவியைத் தனியாகக் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இல்லாதபோது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை வீட்டைக் கட்டிப் பிரித்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடி, ஆகஸ்ட் 31 தேசிய நாள் விருந்துக்கு ஆட்டிறைச்சி ரெண்டாங் கிளறி, யாருக்கு என்ன சாப்பிட ஆகாது என்று நினைவில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர். அவருக்குச் சம்பளமும் இல்லை, பதவிப் பெயரும் இல்லை, பதக்கமும் இல்லை.

1990-இல் பெரியப்பா நியூயார்க்கில் இருந்தார். மலேசியா 1989, 1990 இரண்டு வருடமும் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் உறுப்பினர். ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது மன்றம் இரவோடு இரவாகக் கூடி, ஈராக்கை வெளியேறச் சொல்லும் 660-ஆவது தீர்மானத்தை நிறைவேற்றியது. பெரியப்பாவின் பதிவில் இதற்கு இரண்டே வாக்கியம்: கூடினோம், தீர்மானம் வந்தது. பெரியம்மா சொன்னது இது: "சின்னவனுக்கு அன்னிக்குக் காய்ச்சல். போன் வந்ததும் சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. விடிஞ்சு வந்தவரு பிள்ளை நெத்தியில கையை வெச்சுப் பார்த்துட்டு, பழைய சோத்துல மோரை ஊத்திக் குடிச்சிட்டு, அப்படியே நாற்காலியில தூங்கிட்டாரு." இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அந்த இரவு முழுசாகிறது.

பதிவு செய்யும் வேலை

கைபேசி போதும். மடித்த துண்டின் மேல் வையுங்கள், மேசை அதிர்வு ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள், பெரியவருக்குப் புழுக்கமாக இருந்தால் காலை வேளையில் பேசுங்கள். பிற்பகல் வேண்டவே வேண்டாம், பேராக்கில் மழை பிற்பகலில்தான் கொட்டும், தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது. என்னுடைய ஐந்து மணி நேரத்தில் நாற்பது நிமிடம் அப்படித்தான் போனது. ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தொடக்கத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் நீங்கள் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள், பத்து எண்ணுங்கள், பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் முக்கியமானது வரும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், அதை எழுத்தாக்கும்போது சுத்தத் தமிழாக மாற்றாதீர்கள், அவர் பேசிய மாதிரியே எழுதுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள், பிறகு பேச்சின் பொருள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், கைபேசி மாறினால் போய்விடும். மூன்று இடத்தில் வையுங்கள்: வீட்டுக் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று.

பெட்டியில் இருப்பவை

முதலில் ஓர் எச்சரிக்கை. பெட்டியைத் திறக்கும்போது ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட் என்று இரகசியத் தரத்தைக் காட்டும் மலாய் முத்திரை குத்திய தாள் ஏதாவது கண்ணில் பட்டால், படிக்காமல், படம் எடுக்காமல், யாருக்கும் அனுப்பாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு வெளியுறவு அமைச்சுக்குத் தெரியப்படுத்துங்கள். 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவருக்கும் பொருந்தும், குடும்பத்துக்கும் பொருந்தும். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே இதை அவரிடம் கேட்டுவிடுவது நல்லது. "அதை நான் சொல்ல முடியாது" என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள், அப்படிச் சொன்னார் என்பதை மட்டும் எழுதி வையுங்கள்.

தேதிகளுக்கு எனக்கு மிகவும் உதவியது யாரும் மதிக்காத ஒரு பொருள்: மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகம். அம்மை, காலரா, மஞ்சள் காய்ச்சல் என்று ஒவ்வோர் ஊசிக்கும் தேதி, ஊர், முத்திரை எல்லாம் அதில் இருந்தன. புதிய நாட்டுக்குப் போகும் முன் போட்டதுதானே, அதை வைத்துக் கொழும்புக்குப் போன மாதத்தைச் சரியாகப் பிடித்தோம். தூதரகப் பாஸ்போர்ட் வீட்டில் இல்லாமல் இருக்கலாம், அது அரசாங்கத்தின் சொத்து. ஆனால் மனைவி, பிள்ளைகளின் பழைய சாதாரணப் பாஸ்போர்ட்டுகள் இருக்கலாம், அதிலுள்ள முத்திரைகளைப் பாருங்கள்.

பழைய ஃபேக்ஸ் தாள்களை உடனே நகலெடுத்து விடுங்கள், அந்தப் பளபளப்புத் தாளில் எழுத்து தானாகவே மங்கி வெள்ளையாகிவிடும். ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலை எடுத்து, படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் மெதுவாக ரம்பம் மாதிரி இழுத்தால் பெரும்பாலும் விடும், விடாவிட்டால் அப்படியே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்வதென்றால் அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், அங்கேதான் கையெழுத்து இருக்கும். புதிதாகப் பெயர் எழுதுவதென்றால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில், பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் மரப்பெட்டி தாங்காது. இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின்னும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் போதும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பொட்டலத்தை மாற்றுங்கள். ஒலிநாடாக்களை மாற்ற வெளியே கொடுப்பதானால் ஒன்றை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். நான் ஒரு கடையில் ஆறையும் ஒன்றாகக் கொடுத்தேன், நான்குதான் திரும்பி வந்தது, அந்த இரண்டில் தாத்தாவின் குரல் இருந்தது.

ஊரில் இருக்கும் கடிதங்கள்

இதுதான் என் ஒரு வருட அலைச்சலில் கிடைத்த பெரிய சொத்து. பெரியப்பாவுக்கு வந்த கடிதங்கள் அவர் பெட்டியில் இருந்தன. அவர் எழுதியவை அங்கே இல்லை, எப்படி இருக்கும், அவை தோட்டத்துக்கு அல்லவா வந்தன. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. நீலநிற வான்கடிதம் வந்தால் கிராணி ஆபீசில் வைத்துப் படித்துக் காட்டுவார்களாம், பக்கத்தில் நின்றவர்களும் கேட்பார்களாம், அப்படித்தான் ரங்கூன் செய்தி லயம் முழுவதும் போனது. தோட்டம் கைமாறி, பால்மரம் செம்பனையாகி, லயங்கள் இடிக்கப்பட்டு, எல்லாரும் தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோன பிறகு அந்தக் கடிதங்கள் பல வீடுகளுக்குச் சிதறிவிட்டன. பழைய லயத்துக்காரர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். பதினோரு வான்கடிதங்கள் கிடைத்தன. நான்கு, கிராணி மகள் வீட்டில். இரண்டு, பால் வெட்டிய ஒரு பாட்டியிடம், சாமிப் படத்துக்குப் பின்னால்.

போகும்போது கடிதத்தை வாங்கிக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். அது அவர்களுக்கு வந்தது, அவர்களுடையது. சன்னல் வெளிச்சத்தில் வைத்து அங்கேயே படம் எடுங்கள், முகவரிப் பக்கமும் தபால் முத்திரையும் சேர்த்து. பிறகு அவர்களுக்கு ஒரு பிரதி அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். படித்துக் காட்டவும் செய்யுங்கள். பாட்டிக்கு நான் படித்துக் காட்டியபோது, "இது ரெண்டாவது கடுதாசி, மொத கடுதாசியில சேவடகான் பகோடாவப் பத்தி எழுதியிருந்தான்" என்றார். ஐம்பது வருடத்துக்கு முன் காதால் கேட்டதை அப்படியே வைத்திருந்தார். ரங்கூனின் ஷ்வேடகான் புத்த ஆலயத்தைத்தான் அவர் அப்படிச் சொன்னார், நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

பத்திரிகைத் துணுக்குகளையும் இப்படித் தேடுங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது, அலுவலகத்தில் போய்க் கேட்கும் வழி இனி இல்லை. தேசிய நூலகத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம், ஆனால் தேதி தெரிந்து போனால்தான் வேலை ஆகும்.

எழுதும்போது சரிபார்க்க வேண்டியவை

பதவிப் பெயரில் கவனம். தூதரகத்தில் வேலை செய்த எல்லாரையும் தூதர் என்று எழுதிவிடுகிறோம். மூன்றாம் செயலாளர், இரண்டாம் செயலாளர், முதல் செயலாளர், கவுன்சிலர் என்று படிப்படியாக ஏறிப் போகும் வேலை அது. காமன்வெல்த் நாடுகளுக்குப் போகும் தலைவர் ஹை கமிஷனர், மற்ற நாடுகளில்தான் அம்பாசடர். மூன்றாம் செயலாளராக இருந்த வருடங்களை மூன்றாம் செயலாளர் என்றே எழுதுங்கள், தோட்டத்துப் பையன் அந்த முதல் படிக்கு வந்ததே பெரிய தூரம்.

ஊர்ப் பெயரை அவர் இருந்த காலத்துப் பெயரில் எழுதி, இன்றைய பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். ரங்கூன் 1989-இல் யாங்கோன் ஆனது. சிலோன் 1972-இல் ஸ்ரீலங்கா ஆனது. பான் மேற்கு ஜெர்மனியின் தலைநகரமாக இருந்தது, இன்று பெர்லின். நம் பக்கத்தில் தெலுக் ஆன்சன்கூட 1982-இல்தான் தெலுக் இந்தான். நேரத்திலும் ஒரு மாற்றம் உண்டு: 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய தொலைபேசி அழைப்பு, தந்தி நேரங்களைக் கணக்குப் போடும்போது அந்த அரை மணி இடிக்கும்.

எல்லாம் சேர்ந்ததும் ஒரே பக்கத்தில் வருட வரிசை போடுங்கள், இடப்பக்கம் அவர் இருந்த ஊர், வலப்பக்கம் அதே வருடம் தோட்டத்திலும் குடும்பத்திலும் நடந்தது. எங்கள் பக்கத்தில் பான் என்ற வரிக்கு எதிரே "தாத்தா காலமானார், பெரியப்பா வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்" என்று இருக்கிறது. உயிரோடு இருக்கும் மற்றவர்களைப் பற்றி அவர் சொன்னதை அவர்களைக் கேட்காமல் அச்சில் போடாதீர்கள்.

புத்தகமாகப் போட வசதி இல்லாவிட்டால் நகலெடுத்துச் சுருள் கம்பி போட்டாலே போதும், நாங்கள் அப்படித்தான் முப்பது பிரதி செய்தோம். தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு ஒன்று கொடுத்தோம், கடிதம் தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. மூலத் தாள்களை வீட்டில் பாதுகாக்க முடியாது என்று தோன்றினால் தேசிய ஆவணக் காப்பகத்தை, அதாவது ஆர்க்கிப் நெகாராவை அணுகுங்கள், தனியார் கடிதங்களையும் அவர்கள் வாங்கி வைப்பார்கள், ஆனால் கொடுக்கும் முன் குடும்பத்தில் எல்லாருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் பிரதியைப் பெரியம்மாவிடம்தான் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருட வரிசையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கொழும்பு வரியில் நிறுத்தி, மாதம் சரி என்றார். பிறகு பென்சில் கேட்டு வாங்கி, நியூயார்க்குக்கு எதிரே வலப்பக்கத்தில் "சின்னவனுக்குக் காய்ச்சல்" என்று எழுதினார். அடுத்த பிரதிகளில் அதையும் அச்சில் சேர்த்துவிட்டோம்.